ரீட் ரிசீட் கேட்கும் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அலுவலக மேலாளர்களுக்கும் மனிதவளத் துறையினருக்கும் வணக்கம்.

நிறுவனங்களின் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. “எல்லா மெயிலுக்கும் ரீட் ரிசீட்டைக் கட்டாயமாக்க முடியுமா?” என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். மெயிலைத் திறந்தார் என்று அனுப்பியவருக்குத் திரும்பி வரும் ஒப்புகைதான் ரீட் ரிசீட். சிலர் திறந்த நேரத்தை மெமோவிலேயே எழுதிவிடுகிறார்கள்: “காலை 10.42-க்கு மெயிலைத் திறந்திருக்கிறீர்கள். மாலை வரை பதில் இல்லை. விளக்கம் தரவும்.” அந்த 10.42 எதற்குச் சாட்சி என்பதுதான் எனக்கும் உங்களுக்கும் வழக்கு.

ரீட் ரிசீட் வெறும் வேண்டுகோள். மெயிலோடு கண்ணில் படாத ஒரு வரி சேர்ந்து போகும்: ‘திறந்ததும் இந்த முகவரிக்குச் சொல்லவும்’. அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடப் பெறுபவரின் மென்பொருளுக்கு முழு உரிமை உண்டு. 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8098 என்ற இணையத் தரநிலை இதைத் தெளிவாகவே சொல்கிறது. பெறுபவரின் சம்மதம் வாங்கிவிட்டு ஒப்புகை அனுப்புமாறும் வலியுறுத்துகிறது. ‘காட்டப்பட்டது’ என்று திரும்பி வரும் ஒப்புகைக்கு அது தரும் விளக்கத்தைக் கேளுங்கள்: அந்த அஞ்சல்பெட்டியைப் பார்க்கும் யாரோ ஒருவருக்கு மெயில் திரையில் தெரிந்தது; ஆனால் படித்தார், புரிந்துகொண்டார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விதி எழுதியவர்களே கைவிரித்த இடத்தில் நீங்கள் மெமோ அடிக்கிறீர்கள்.

நடைமுறையில் இது இன்னும் வேடிக்கை. அவுட்லுக் மெயில் செயலியில் ஒருவர், திறக்காமலே முன்னோட்டம் காட்டும் ஓரத்துப் பலகையிலேயே மெயிலை முழுதாகப் படித்துவிட்டு, படித்ததாகக் குறி விழாமலே அழித்தால், ‘படிக்காமல் அழிக்கப்பட்டது’ என்று உங்களுக்குத் தகவல் வரக்கூடும். அடுத்த மெயிலைத் தேடும்போது கைதவறித் திறந்தவரோ உங்கள் கணக்கில் படித்தவர். பல கைபேசிச் செயலிகள் இந்த வேண்டுகோளைக் கண்டுகொள்வதே இல்லை. ஜிமெயிலில் நிறுவன, கல்விக் கணக்குகளுக்கு மட்டும்தான் ரிசீட் கேட்கும் வசதி உண்டு, அதுவும் நிர்வாகி அனுமதித்தால். சொந்தக் கணக்குகளுக்கு அது கிடையாது.

ரிசீட் கிடைக்காதவர்கள் சிலர் பிக்சலுக்குத் தாவுகிறார்கள். மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படம். திறந்ததும் அது அனுப்பியவரின் சர்வரிலிருந்து இறங்கும், நேரமும், திறந்தவரின் இணைய இணைப்பைக் குறிக்கும் எண்ணான ஐபி முகவரியும் அங்கே பதிவாகும். ரிசீட்டிலாவது மறுக்க வழி உண்டு. இது கேட்காமலே பார்க்கும் வேவு, வேறு பெயர் இதற்கு எனக்குத் தெரியவில்லை. இயக்குநர் குழுச் செய்திகளைக் கசியவிட்டவரைப் பிடிக்க, ஹெச்பி கணினி நிறுவனத்தினர் ஒரு பத்திரிகையாளருக்கு இப்படிப்பட்ட கண்காணிப்பு மெயிலை அனுப்பிய விவகாரம் 2006-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணை வரை போனது. 2019-இல் சூப்பர்ஹியூமன் என்ற மெயில் செயலி, திறந்தவர் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்பதையும் காட்டிக்கொண்டிருந்தது. கண்டனம் கிளம்பியதும் இடத்தைக் காட்டுவதை நிறுத்தியது. ஒழுக்கத்தை விடுங்கள், கணக்காவது சரியா? 2021 முதல் ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு, திறக்காத மெயிலின் படங்களையும் செயலி பின்னணியிலேயே இறக்கிவிடுகிறது. தூங்குகிறவரும் உங்கள் பட்டியலில் ‘திறந்தவர்’ ஆகிவிடுவார்.

“சட்டப்படி ஆதாரம் வேண்டுமே” என்பீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 13-ஐப் பாருங்கள். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பெறுபவர் குறித்துக் கொடுத்த கணினி அமைப்புக்குள் மெயில் நுழைந்த நேரமே பெற்ற நேரம். திறந்தாரா என்ற கேள்வியே அதில் எழவில்லை. 2025 வரை தனிச் சேவையாக இருந்த பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையும் உறையை வாங்கியதற்குத்தானே கையெழுத்து? நுழைந்த நேரம் சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவேட்டில் (லாக்) இருக்கிறது. கேட்டால் எடுத்துத் தருகிறேன். பிரிவு 12-இல் ஒரு கண்ணியும் இருக்கிறது. ஒப்புகை வந்தால்தான் இந்த மெயில் செல்லுபடியாகும் என்று நீங்களே நிபந்தனை போட்டுவிட்டு, ஒப்புகை வராமல் போனால், அந்த மெயில் அனுப்பப்படவே இல்லை என்று கொள்ளப்படும்.

ஆகவே என் கோரிக்கை இது. எல்லா மெயிலுக்கும் ரிசீட் என்ற உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். பதில் தேவையென்றால் முதல் வரியிலேயே என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதுங்கள். ‘கிடைத்தது’ என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். ஒழுங்கு நடவடிக்கைக் கடிதமா, தபாலிலும் அனுப்புங்கள். பிக்சல் சேவை வாங்க என் ஒப்புதல் கேட்டு வருகிறவர்கள், அதை ஊழியர்களுக்கு எழுத்தில் அறிவித்த சுற்றறிக்கையின் நகலையும் கையோடு கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மெயில் சர்வர் நிர்வாகி