ஊட்டியில் குளம் கட்டுங்கள், கேலரி வேண்டாம்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தாருக்கு,

வணக்கம். உயரப் பயிற்சிக்கு, அதாவது ஆக்சிஜன் குறைந்த மலைக்காற்றில் தங்கி ரத்த அணுக்களைக் கூட்டிக்கொள்ளும் பயிற்சிக்கு, வரும் ஓட்டக்காரர்களுக்கு ஊட்டியில் சிந்தெட்டிக் டிராக் இருக்கிறது. 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தும் பையன்களுக்கும் மலையில் ஒரு 50 மீட்டர் குளம் வேண்டும் என்று கேட்கிறோம். கூடவே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: அதைப் பார்வையாளர் கேலரியோடு போட்டி நடத்தும் குளமாகக் கட்டிவிடாதீர்கள்.

ஏன் என்பதற்கு 1968 ஒலிம்பிக்கே சாட்சி. மெக்சிகோ சிட்டியின் உயரம் 2,240 மீட்டர். ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவின் லாங் பீச்சில், கடலோரத்தில், அமெரிக்காவின் மைக் பர்ட்டன் 1500 மீட்டரை 16 நிமிடம் 8.5 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். அடுத்த மாதம் அதே ஆள் மெக்சிகோவில் தங்கம் வென்றபோது எடுத்துக்கொண்டது 16 நிமிடம் 38.9 விநாடி. 50 மீட்டர் குளத்தில் இந்தப் பந்தயம் 30 நீளம். நீளத்துக்கு ஒரு விநாடி மலைக்குப் போய்விட்டது.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறையும். காற்று லேசாக இருப்பது குறுந்தூர ஓட்டக்காரனுக்கு லாபம். நீச்சல்காரனை எதிர்ப்பது தண்ணீர், அது மலையிலும் அதே கனம்தான். அவன் நினைத்த நேரத்தில் மூச்சு வாங்கவும் முடியாது, கை சுற்றும்போது மட்டுமே முடியும். போதாததற்கு 29 டர்ன்கள். ஒவ்வொன்றிலும் குட்டிக்கரணம் போட்டு, சுவரை உதைத்து, தண்ணீருக்கு மேல் வரும்வரை மூன்று நான்கு விநாடி மூச்சில்லை. கீழே இரண்டு மூன்று மூச்சில் தீர்கிற அந்தக் கடன் மலையில் தீராது, டர்னுக்கு டர்ன் ஏறும். ஆகவே மலைக் குளத்தில் எடுத்த நேரத்தை வைத்து யாரையும் அணியில் சேர்க்கவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். இதை விதியாகவே எழுதி வையுங்கள்.

போட்டி இல்லை என்று முடிவானால் குளத்தின் கணக்கே மாறிவிடும். எட்டு லேன், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 25 லட்சம் லிட்டர். தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஊட்டியில் உறைபனி விழும் மாதங்களில் அவ்வளவு தண்ணீரைப் பத்து டிகிரி ஏற்ற மட்டும் சுமார் 29,000 யூனிட் வெப்பம் தேவை. நான்கு லேன், பத்தரை மீட்டர் அகலம் என்றால் பத்தரை லட்சம் லிட்டர், சுமார் 12,000 யூனிட். வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைத்தால் மின்சாரச் செலவு அதில் மூன்றில் ஒரு பங்காகும். ஆனால் வெளிக்காற்று ஐந்து டிகிரிக்குக் கீழே போகும் விடியற்காலையில் அதன் குழாய்ச் சுருளில் பனி படியும். அந்தப் பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் வசதி இல்லாத மாடலை வாங்கினால், குளிர் கடுமையான வாரத்தில்தான் அது நின்றுபோகும். வெப்பம் அதிகமாகப் போவது ஆவியாகித்தான். அதனால் இரவில் குளத்தை மூடும் கவர் கட்டாயம். செலவுக்கணக்கில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறோம்.

ஆழம் இன்னும் வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். 2024 பாரீஸ் ஒலிம்பிக் குளத்தின் ஆழம் 2.15 மீட்டர்தான். ஆழம் குறைவு, அதனால் மெதுவான குளம் என்று வாரம் முழுக்கக் குறை சொன்னார்கள். கடைசி நாளில் பாபி ஃபின்க் அதே குளத்தில் 14 நிமிடம் 30.67 விநாடியில் 1500 மீட்டர் உலக சாதனை படைத்தார். நீளத்துக்குச் சராசரி 29 விநாடி. பயிற்சிக்கு 2 மீட்டர் தாராளம்.

கூரை வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். குளிருக்குப் பயந்து எல்லாப் பக்கமும் அடைத்தால் குளோரின் நெடி தண்ணீர் மட்டத்திலேயே தங்கும். தினமும் மூன்று நான்கு மணி நேரம் அந்த மட்டத்தில் மூச்சு வாங்குபவன் இருமத் தொடங்குவான். சாதாரணத் தகரக் கூரையை அந்த ஈரமும் குளோரினும் சேர்ந்து துருப்பிடிக்க வைத்துவிடும். உடை மாற்றும் அறை குளத்தை ஒட்டியே இருக்கட்டும். ஈரத் தலையோடு ஜனவரிக் காலையில் முற்றத்தைக் கடக்க வைக்காதீர்கள்.

ஏரி இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: ஊட்டி ஏரி படகுக்குச் சரி. அங்கே நீந்தச் சொல்பவர் முதலில் கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துவிட்டு வரட்டும்.

முகாம் மூன்று வாரத்துக்குக் குறைந்தால் வீண். நான்கு வாரம் நல்லது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே ரத்தத்தில் ஹீமோகுளோபினையும், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள். உடம்பில் இரும்புச்சத்து இல்லாவிட்டால் மலைக்காற்று புது ரத்த அணுக்களை உண்டாக்காது, களைப்பைத்தான் தரும். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் காட்டி, சரிசெய்த பிறகே மலைக்கு அனுப்புங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு டீ கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நீலகிரியில் இதைக் காவல் காப்பது சிரமம்தான்.

முதல் நான்கைந்து நாள் மெதுவான நீச்சல் மட்டும். மூச்சடக்கும் பயிற்சி அறவே வேண்டாம். அதன் பிறகும் கீழே ஓட்டிய கடிகாரத்தை மேலே ஓட்டக்கூடாது. கோவையில் 15 முறை 100 மீட்டரை 1 நிமிடம் 20 விநாடிக்கு ஒன்றாக அனுப்பினால், ஊட்டியில் அதே வேகத்துக்கு 1 நிமிடம் 30 விநாடி கொடுங்கள். ஓய்வைக் கூட்டாமல் விரட்டினால் முதலில் கெடுவது கை வீச்சு. ஒரு நீளத்துக்கு 36 கை போடுபவன் 39, 40 போட ஆரம்பித்தால் அந்தப் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்படியே நீந்தவிட்டால் அந்தக் குட்டையான கை வீச்சோடுதான் கீழே இறங்குவான்.

பந்தய வேகத்துக்குச் சமவெளிதான். மேலே தங்கி கீழே வேகப் பயிற்சி செய்ய நீலகிரி வாகான இடம்: ஊட்டியிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோவை. ஆனால் தினமும் மலைப்பாதையில் ஏறி இறங்கினால் வளைவுகளே பையன்களின் சத்தை உறிஞ்சிவிடும். வாரம் ஒருநாள் போதும். காலையில் இறங்கி, இரண்டு மணி நேரம் ஓய்வெடுத்து, நீந்தி, மாலையில் ஏறலாம். அந்த ஒருநாளுக்குக் கோவையில் 50 மீட்டர் குளம் ஒன்றில் இரண்டு லேனை எழுத்துமூலம் ஒதுக்கித் தாருங்கள்.

ஏப்ரல், மே சீசனில் முகாம் வைக்காதீர்கள். அறை கிடைக்காது, சாலை நகராது. கொடைக்கானலுக்கும் இதே கதைதான். பிப்ரவரி, மார்ச் தோது. ஆசிய விளையாட்டு 2026-ல் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் செப்டம்பர் 19 தொடங்குவதாகக் குறித்திருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி இரண்டு மூன்று வாரம் கழித்துப் பந்தயம் என்று கணக்கிட்டால், அப்படிப்பட்ட ஆண்டில் ஆகஸ்ட் முழுக்க மேலே இருக்க வேண்டும். அது தென்மேற்குப் பருவமழைக் காலம். மண்சரிவில் சாலை அடைபட்டால் அந்த வாரத்துக் கோவைப் பயிற்சி போய்விடும். எனவே குளத்துக்கு ஜெனரேட்டரும், ஒரு வாரத்துக்கான டீசலும் குளோரினும் இருப்பில் இருக்கும்படி டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரி, கோவை மாவட்ட நீச்சல் பயிற்றுநர்கள் சிலர்