செந்திலுக்கு, மூன்றாம் மாதத்தில்

பெரம்பூர்,
நவம்பர் 18

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை விட்டபாடில்லை, சப்வேயில் தண்ணீர், அப்பா வாக்கிங் போகவில்லை. அவர் சர்க்கரை என்ன ஆகியிருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை போனில், இருமல் நின்றுவிட்டது, நாலு கிலோ ஏறிவிட்டது, சளி டெஸ்டும் நெகட்டிவ் என்றாய். கேட்டதும் வயிறு குளிர்ந்தது. காசநோய் மாத்திரைப் பேச்சை எடுத்ததும் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். மீட்டிங்தான் இருந்திருக்கும், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டை எழுதிக் கொடுக்கிற வேலையிலேயே இருந்தவள் நான். அதனால் ஒரு விஷயம் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

சளியை ஸ்லைடில் தடவி, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி கிளம்பும்வரை அடியில் சூடு காட்டுவோம். கொதிக்க விடக் கூடாது. பிறகு 25 சதவீத கந்தக அமிலம். மற்றதெல்லாம் சாயத்தை விட்டுவிடும், காசநோய்க் கிருமி மட்டும் விடாது. அதன் மேல்சுவர் மைக்கோலிக் அமிலம் என்கிற மெழுகால் ஆனது. மெத்திலீன் நீலம் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சியாகத் தெரியும். நூறு இடம் நகர்த்திப் பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை என்றால் நெகட்டிவ். ஆனால் ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் இந்தக் கண்ணுக்கு அகப்படும். அதற்குக் குறைவாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்றுதான் வரும்.

மிச்சக் கிருமி எங்கே இருக்கும் என்று கேள். நுரையீரலின் காற்றுப் பைகளில் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணு காவல் இருக்கிறது. எந்தக் கிருமி வந்தாலும் விழுங்கி, ஒரு பைக்குள் அடைத்து, அமிலமும் நொதியும் நிறைந்த லைசோசோமை அதோடு சேர்த்துச் செரித்துவிடும். இந்தக் கிருமியையும் விழுங்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பையும் லைசோசோமும் சேராமல் இது தடுத்துவிடும். அமிலம் ஏறாது. கொல்ல வந்த அணுவுக்குள்ளேயே குடித்தனம்! இது ஒன்று இரண்டாக 20 மணி நேரம் ஆகும். மெதுவாகப் பெருகுவதால் உடம்பும் விழித்துக்கொள்ளத் தாமதமாகிறது, டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் அங்கே வந்து சேரச் சில வாரம் பிடிக்கிறது. அவை இன்டர்ஃபெரான் காமா என்ற தூதுப் புரதத்தைச் சுரந்தால்தான் மேக்ரோஃபேஜுக்கு முழு பலம் வரும். அப்போதும் எல்லாவற்றையும் கொல்ல முடியாமல், சுற்றிலும் அணுக்களை அடுக்கி வளைத்துக் கட்டுகிறது. அதுதான் கிரானுலோமா. நடுவில் செல்கள் செத்து, உதிர்த்த பனீர் மாதிரி ஆகிவிடும். அங்கே ஆக்சிஜன் குறைவு, கிருமி பெருகாமல் பல வருஷம் கிடக்கும். பெரியப்பாவுக்கு என்ன ஆனது என்று உனக்கே தெரியும், அதை இங்கே எழுதவில்லை.

சிலருக்கு அந்த நடுப்பகுதி இளகி, நுரையீரலில் ஓட்டை விழும். அதற்குக் கிருமியைவிட நம் உடம்பின் கோபம்தான் பெரிய காரணம். உன் எக்ஸ்ரேயில் மேலே வலப்பக்கம் இருந்தது அதுதான்.

முதல் இரண்டு மாத நாலு மருந்தில் வேகமாகப் பெருகுகிறவை செத்துவிட்டன. அதனால்தான் காய்ச்சல் போனது, பசி வந்தது. இப்போது பைராசினமைடு போய், ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால் மூன்றும் நாலு மாதம். தூங்கிக்கிடந்து அவ்வப்போது கண் விழிக்கிற கிருமிக்காகத்தான் இந்த நாலு மாதம். அது எந்த நாள் விழிக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் ஒருநாளும் விடக் கூடாது என்பது.

கணக்கில் புலி நீ, இதையும் போட்டுப் பார். ஓட்டை விழுந்த நுரையீரலில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். பத்து லட்சத்தில் ஒன்று போல ஐசோனியாசிடுக்கு அசையாது, பத்துக் கோடியில் ஒன்று போல ரிஃபாம்பிசினுக்கு. மூன்றும் சேர்ந்து தினமும் போனால் எது எதற்குத் தப்பினாலும் இன்னொன்று பிடித்துவிடும். விட்டு விட்டுப் போட்டால் தப்பினவை மட்டும் பெருகும்.

சித்தி ஆட்டுக்கால் சூப் பொடி அனுப்பச் சொல்கிறாள். குடி, உடம்புக்கு நல்லது. ஆனால் நம் சேத்துப்பட்டில் 1956இல் ஆரம்பித்த ஆய்வு மையம் 1959இலேயே காட்டிவிட்டது. நெருக்கடியான வீட்டில், சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியின் உணவுக்குப் பக்கத்திலேயே வராத சாப்பாட்டில் இருந்தவர்களும் மாத்திரையால் சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். சூப்பு குடித்துவிட்டு மாத்திரையை விட்டால் ஒன்றுமில்லை.

எப்போதாவது விட்டுப்போனால், விட்டுப்போனது என்று டாக்டரிடம் சொல். மறுநாள் இரட்டையாகப் போடாதே. கண் மஞ்சளானாலோ விடாமல் வாந்தி வந்தாலோ அன்றைக்கே போய்விடு. சிவப்பும் பச்சையும் குழம்பினால் எத்தாம்பியூட்டால் வேலை, உடனே சொல்ல வேண்டும். காலில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தால் பைரிடாக்சின் என்ற வைட்டமின் தருவார்கள். பார்ட்டி கீர்ட்டி வேண்டாம், ஐசோனியாசிடோடு மது கல்லீரலைக் கெடுக்கும். எடை ஏறியிருக்கிறதே, மாத்திரை எண்ணிக்கை மாறுமா என்று கேள். நம் வீட்டில் சர்க்கரை உண்டு, சர்க்கரைக்காரர்களுக்கு இந்த நோய் இரண்டு மூன்று மடங்கு அதிகம். அந்த டெஸ்டும் எடுத்துவிடு. அறையில் கூட இருக்கிற பையனைப் பரிசோதனைக்கு அனுப்பினாயா? தங்கச்சியிடம் முதலில் சொன்னாய், என்னிடம் ஆறு வாரம் கழித்துத்தான் சொன்னாய். போகட்டும்.

ரிஃபாம்பிசின் போட்டால் சில மணி நேரத்துக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதே. உனக்கு இப்போது எப்படிப் போகிறது என்று எழுது. அட்டையில் எத்தனை மீதி இருக்கிறது என்றும் எண்ணி எழுது. பொங்கலுக்கு வரும்போது கைவசம் போதுமா, இங்கே சொல்லி வைக்கணுமா என்று பார்க்கத்தான்.

அன்புடன்,
அம்மா