முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார்குடியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், டைப்பிங், அப்புறம் நவம்பர் மாதம் வந்தால் பென்ஷன் வாங்குகிற பெரியவர்களுக்கு லைஃப் சர்டிபிகேட். போன நவம்பரில் ஒரு நாள் காலை, பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருக்கும்போது கைரேகை மெஷின் நின்றுவிட்டது. 'யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' (செருகிய கருவியை அடையாளம் தெரியவில்லை) என்று வந்தது, கம்ப்யூட்டரில் மாட்டிய கருவிகளைப் பட்டியலாகக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 43' என்ற பிழை எண்ணும். தெரிந்த சர்வீஸ்காரருக்குப் போன் செய்தேன். போர்ட் (ஒயர் செருகும் இடம்) போயிருக்கும், மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று பார்க்காமலேயே சொல்லிவிட்டார். வடுவூரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு தாத்தாவை நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

கோளாறு மதர்போர்டில் இல்லை. பெரியவர்கள் குனியாமல் விரல் வைக்கட்டும் என்று சிபியூவிலிருந்து மேஜை வரை ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டிருந்தேன், அது நைந்துபோயிருந்தது. மத்தியானம் அதைக் கழற்றிவிட்டு மெஷினை நேராகப் பின்பக்க போர்ட்டில் செருகியதும் வேலை செய்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இதே மெசேஜைப் பார்த்துவிட்டுப் புது மெஷின் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். முன்பக்க போர்ட் உள்ளே ஒரு ஒயர் வழியாக வருகிறது, பின்பக்க போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிறது, அதனால் முதலில் பின்னால் செருகிப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவதே 500 மில்லி ஆம்பியர்தான், ஒரு போர்ட்டைப் பலவாக்கித் தரும் ஹப்பில், அதற்குத் தனி அடாப்டர் இல்லாமல், நாலு சாமான் மாட்டினால் அந்த 500-ஐத்தான் நாலும் பங்குபோட வேண்டும், ஹார்ட் டிஸ்க் மாதிரி கரண்ட் அதிகம் இழுப்பது அதில் ஓடாது. சில மொபைல் ஒயர்களில் சார்ஜ் ஏற்றுகிற இரண்டு கம்பி மட்டுமே இருக்கும், டேட்டா போக வேண்டிய மற்ற இரண்டும் இருக்காது. போன் சார்ஜ் ஆகும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு போன் இருப்பதே தெரியாது.

ஒயரில் குறை இல்லை என்றால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து ஆன் செய்வது அதற்கு ஈடாகாது, விண்டோஸ் 10-ல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட்டவுன் முழுசாக நடப்பதில்லை. அப்படியும் சரியாகவில்லையா, டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் டிரைவர் (கருவியை இயக்குகிற சாஃப்ட்வேர்) புதிதாக ஏறும். கைரேகை மெஷின் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: டிவைஸ் மேனேஜரில் மெஷின் பெயர் ஒழுங்காகத் தெரிந்தும் வெப்சைட் அதை எடுக்கவில்லை என்றால் ஒயரை நோண்ட வேண்டாம், ஆர்டி சர்வீஸ் (மெஷினில் வைத்த கைரேகையை ஆதார் சரிபார்ப்புக்குக் கொடுக்கிற சாஃப்ட்வேர்) ஓடுகிறதா என்று பாருங்கள்.

பென்டிரைவைச் செருகியதும் ஃபார்மெட் செய்யவா என்று கேட்டால் மட்டும் தயவுசெய்து சரி என்று அழுத்தாதீர்கள். உள்ளே பிள்ளைகளின் போட்டோ இருக்கலாம். ஃபார்மெட் செய்யாமல் விட்டால் எடுத்துத் தர வழி இருக்கிறது.

இந்த மெசேஜ்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வருவதால்தான் சர்வீஸ்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியிருக்கிறது. உங்கள் இதழில் வாரம் ஒரு மெசேஜை எடுத்து, அதற்கு என்ன அர்த்தம், காசு செலவழிக்கும் முன் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று தமிழில் போட முடியுமா? நவம்பருக்கு முன்னால் தொடங்கினால் என்னைப் போல சென்டர் வைத்திருப்பவர்களுக்கு ரொம்ப உதவியாக இருக்கும்.

– ஒரு வாசகி, மன்னார்குடி