பாலை என்று தேடினால் பாலை வருவதில்லை

ஆசிரியருக்கு,

நான் 26 வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். போன ஆனி மாதம் ஊர்ப் பிள்ளைகள் பதினொரு பேருடன் முத்தையன்கட்டுக் குளக்கட்டால் நடந்தேன். ஒரு பிள்ளை சின்னக் கன்று ஒன்றின் இலையைப் போனில் படமெடுத்தாள். செயலி ஏதோ பூந்தோட்ட மரத்தின் பெயரைச் சொன்னது. நான் கொப்பைக் கிள்ளிக் காட்டினேன், பால் கசிந்தது. இலை நுனி கூராக இல்லாமல் சற்று உள்வாங்கியிருந்தது. பாலை மரக் கன்று! பக்கத்தில் நின்ற வீரை மரத்தைக் கிள்ளினால் பால் வராது. ஒற்றை இலைப் படத்தில் இது எப்படித் தெரியும்? இலையின் இரண்டு பக்கம், பட்டை, காய், முழு மரம் என்று எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்.

வீட்டுக்குப் போய் அவள் ‘பாலை’ என்று இணையத்தில் தேடியிருக்கிறாள். வெட்பாலையும் ஏழிலைப்பாலையும் வந்தனவாம். அவையும் பால் வடிக்கும் மரங்கள்தான், ஆனால் நாங்கள் உதடு ஒட்ட ஒட்டத் தின்னும் பழம் அவற்றில் இல்லை, அந்தப் பழத்துக்காகக் கரடி வருவதும் இல்லை. தமிழ்நாட்டில் எங்கள் பாலையை உலக்கைப்பாலை என்கிறார்கள். முதிரை இன்னும் சிக்கல். எங்களுக்கு அது கதவுக்கும் கட்டிலுக்கும் அரியும் மரம், அகராதியிலோ பயறு வகை. அதனால் கொப்பியில் பாலை என்ற எங்கள் ஊர்ப் பெயரோடு ‘மனில்காரா ஹெக்சாண்ட்ரா’ என்ற தாவரவியல் பெயரையும், பார்த்த இடத்தையும் திகதியையும் எழுத வைத்தேன்.

ஐப்பசி முதல் மழைக்கு, பட்டுப்போலச் சிவந்த தம்பலப்பூச்சி வந்தது. ஒரு பொடியன் குந்தியிருந்து கால்களை எண்ணி, “டீச்சர், எட்டு இருக்கு, இது பூச்சி இல்லை” என்றான். சரியாகச் சொன்னான், அது உண்ணி இனம். எந்தப் போனும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை.

என் அம்மா மாட்டுப் புண்ணுக்கு ஒரு கொடியை அரைத்துப் பூசுவார். 2009க்குப் பிறகு மீளக்குடியேறியபோது அம்மா இல்லை. கொடி இன்றும் வேலியில் படர்கிறது. அதன் தாவரவியல் பெயரை எப்படியும் கண்டுபிடித்துவிடுவேன். அம்மா சொன்ன பெயரை நான் எழுதி வைக்கவில்லை. அது இனி எங்கும் கிடைக்காது.

தேன் எடுத்தவர்கள், மரம் தறித்தவர்கள் சிலர் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். ஞாயிறு தோறும் எங்கள் வன்னிப் பிரதேசத்தின் ஒரு செடி அல்லது உயிரினத்தின் படத்தைப் போட்டு, ‘உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?’ என்று கேளுங்கள். வருகிற பெயர்களை ஊரின் பெயரோடு அடுத்த வாரம் போடுங்கள். படம் அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வரியும் சேருங்கள்: கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை, பாதையை விட்டு இறங்காமல் படமெடுக்க வேண்டும். முதல் வாரத்துக்கு எங்கள் பிள்ளைகள் எடுத்த பாலைப்பழப் படத்தை இத்துடன் அனுப்புகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஒட்டுசுட்டான்