ஒப்புதல் படிவம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

செங்கோட்டை, புளியரைப் பக்கத்தில் பெரிய சிகிச்சை என்றால் பலரும் ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரம் போகிறார்கள். மலையாளப் படிவம் பல நேரம் ஆபரேஷன் அன்று காலையில்தான் கைக்கு வருகிறது. "புரிஞ்சுதா?" என்றால் யாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். "வீட்ல இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் உரையாடல் பயிற்சியும் உண்டு. ஏட்டோடு நின்றால் என்ன பயன்? ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்து, டாக்டரும் நர்சும் பேசிப் பழக வேண்டும். முடிவெடுப்பதில் நோயாளிக்கும் பங்குண்டு என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு, காத்திருப்பது உட்பட எல்லா வழிகளையும் விளக்க வேண்டும். மூட்டு மாற்று என்றால், மாடிப்படி ஏறணுமா, வயலில் குனிந்து நடணுமா என்று கேட்டபிறகே முடிவு.

அதிகம் சறுக்குவது எண்ணில்தான். "ஆபத்து பாதியாகும்" என்பது விளம்பரம். "100 பேரில் 2 பேருக்கு வருவது 1 ஆகும்" என்பது தகவல்.

எல்லையோர மருத்துவமனைகள் தமிழ்ப் படிவத்தை முந்தைய நாளே தரட்டும். மொழிபெயர்க்க நோயாளியின் மகனை நிறுத்தக் கூடாது. கெட்ட செய்தியை அவர் விழுங்கிவிடுவார்.

செவிலியர் பயிற்சியாளர்கள்,
செங்கோட்டை