ஆபிரிக்க அகதிக் கோரிக்கையாளருக்குக் குடியேற்ற உதவிகளை முதல் நாளிலிருந்தே வழங்கக் கோரும் மனு

பெறுநர்:
மாண்புமிகு குடிவரவு, அகதிகள், குடியுரிமை அமைச்சர் அவர்கள்,
கனடிய மத்திய அரசு, ஒட்டாவா.

பொருள்: ரொறன்ரோவுக்கு வரும் ஆபிரிக்க அகதிக் கோரிக்கையாளருக்கான சமூக உதவிச் சேவைகள் தொடர்பாக.

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் அருகிலுள்ள மார்க்கம் நகரிலும் வாழும் தமிழர்கள். எங்களில் பலர் இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்தவர்கள், மற்றவர்களில் பெரும்பாலானோர் அவர்களுடைய பிள்ளைகள். கென்யா, உகண்டா, நைஜீரியா, கொங்கோ, எத்தியோப்பியா போன்ற நாடுகளிலிருந்து பாதுகாப்புத் தேடி இங்கே வருகிறவர்களுக்காக இந்த மனுவைத் தருகிறோம். தங்குவதற்குக் கட்டில் கொடுப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடக் கூடாது. படிவம் நிரப்ப, வழக்கறிஞரைத் தேட, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, வீடு பார்க்கக் கூடவே வரும் ஆட்களுக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும். எங்கள் கோரிக்கை இதுதான்.

2023 கோடையில் ரொறன்ரோ பீற்றர் வீதி 129ஆம் இலக்கக் கட்டடத்துக்கு வெளியே நடந்தது தங்களுக்குத் தெரியும். தங்குமிடத்துக்குப் பதியவேண்டிய அந்த வாசலிலேயே, நடைபாதையில், பெரும்பாலும் ஆபிரிக்காவிலிருந்து வந்த மக்கள் மழையிலும் வெயிலிலும் வாரக்கணக்காகப் படுத்திருந்தார்கள். மாநகரசபை மத்திய அரசைக் கைகாட்டியது, மத்திய அரசு மாநகரசபையைக் கைகாட்டியது. அவர்களை ஜூலையில் உள்ளே கூட்டிக்கொண்டு போனவர்கள் ரிவைவல்ரைம் டபர்னக்கிள், டொமினியன் சேர்ச் போன்ற கறுப்பினத் தேவாலயங்களின் மக்கள். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், அயல் நகரான மிஸிஸாகாவில் ஒரு தங்குமிடத்துக்கு வெளியே குளிரில் மணிக்கணக்காகக் காத்திருந்த கென்யத் தாய் ஒருவர் இறந்துபோனார். அகதிக் கோரிக்கையாளரைப் பொதுத் தங்குமிடங்களில் சேர்க்காமல் திருப்பியனுப்பிய முடிவு நியாயமற்றது, அதில் கறுப்பின எதிர்ப்பு இனவாதம் இருந்தது என்று, மாநகரசபை மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ரொறன்ரோ மாநகர ஒம்புட்ஸ்மன் 2024 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டார்.

அதற்குப் பிறகு காசு வரவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2023 ஜூலையில் ரொறன்ரோவுக்கு 97 மில்லியன் டொலர் அறிவிக்கப்பட்டது. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் இடைக்கால வீட்டு உதவித் திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 1.1 பில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. ஆனால் அந்தப் பணம் மாகாணங்களுக்கும் நகரசபைகளுக்கும் போகிறது, போய்த் தங்குமிடச் செலவில் கரைகிறது. அந்த மூன்று ஆண்டுக் கணக்கும் 2027 மார்ச்சுடன் முடிகிறது.

கட்டில் கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறோம். எங்களில் சிலர் வார இறுதியில் ஒரு தேவாலய மண்டபத்துக்குச் சமைக்கவும் படிவம் நிரப்பவும் போகிறோம். அங்கே மடிப்பு மேசையொன்றில் கொங்கோவிலிருந்து உகண்டா வழியாக வந்த ஒரு தாய், அகதிக் கோரிக்கைக்கான அடிப்படைப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சுவாகிலி மட்டுந்தான் தெரியும். உகண்டாவில் பள்ளிக்குப் போனதால் மகனுக்கு ஆங்கிலம் வரும். பன்னிரண்டு வயது இருக்கும். உங்களுக்கு யாராவது தீங்கு செய்தார்களா, மிரட்டினார்களா, என்ன செய்தார்கள் என்று படிவம் கேட்கிறது. ஏன் அந்தக் காலத்தில் புறப்பட்டீர்கள், ஏன் முன்னரே புறப்படவில்லை என்றும் கேட்கிறது. தாய்க்கு நடந்ததைத் தாயின் வாயால் கேட்டு எங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவன் அந்தப் பையன். இரண்டாவது கேள்வியிலேயே தாய் பேச்சை நிறுத்திவிட்டார். நாங்களும் பேனாவை மூடி வைத்துவிட்டோம். சுவாகிலி தெரிந்த ஒரு பெண்மணி இரவு வேலை முடித்து மறுநாள் காலையில் வந்து இருந்த பிறகுதான் அந்தப் படிவம் நிரம்பியது. அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. பஸ் காசுகூடக் கொடுக்கவில்லை.

அகதிக் கோரிக்கைகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் அகதிச் சபையின் விசாரணையில் அந்தத் தாயின் ஒவ்வொரு சொல்லும் இந்தப் படிவத்தோடு வைத்துப் பார்க்கப்படும். ஒரு திகதி மாறினாலும் அவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடலாம். அப்படிப்பட்ட வேலையைப் பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் ஒருவர் செய்ய வேண்டாமா?

இப்போதைய விதிப்படி, மத்திய அரசின் பணத்தில் நடக்கும் குடியேற்றச் சேவைகள் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் கிடைக்கும். ஆங்கில வகுப்பு, வேலை தேட உதவி, குடும்பத்துக்கு வழிகாட்டும் பணியாளர் எல்லாமே அதற்குப் பிறகுதான். 2024 முடிவில் அகதிச் சபையில் தீர்ப்புக்காகக் காத்திருந்த கோரிக்கைகள் இரண்டரை லட்சத்துக்கு மேல். அதாவது ஒருவருக்கு உதவி மிகவும் தேவைப்படும் காலம் முழுக்க அவருக்கு அந்தக் கதவு பூட்டியே இருக்கிறது. எஃப்.சி.ஜே. அகதிகள் நிலையம், ரொமேரோ ஹவுஸ், மத்தியூ ஹவுஸ் போன்ற ரொறன்ரோத் தொண்டு நிலையங்கள் எத்தனையோ ஆண்டுகளாக இந்த மக்களைத் தாங்கிவருகின்றன. அவை மட்டும் எத்தனை பேரைத்தான் தாங்கும்?

இந்த விதியை மாற்ற முடியாது என்று சொல்ல வழியில்லை. 2022இல் உக்ரேனியர்கள் தற்காலிக அனுமதியில் வந்தபோது, அவர்களுக்கு அதே குடியேற்றச் சேவைகள் திறந்துவிடப்பட்டன. வளர்ந்த ஒருவருக்கு 3,000 டொலர், பிள்ளைக்கு 1,500 டொலர் கையிலும் கொடுக்கப்பட்டது. அது நல்ல காரியம், அதை நாங்கள் மனதார வரவேற்றோம். உகண்டாவின் கம்பாலாவிலிருந்தோ கொங்கோவின் கோமாவிலிருந்தோ வருகிறவருக்கு ஏன் அது இல்லை என்பதற்கு எங்களுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

எங்கள் கதையும் இதில் உண்டு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தவித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அரசு அவர்களுக்கு ஓராண்டு அனுமதி கொடுத்து வேலை செய்யவும் விட்டது. மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் தமிழர்களே போய் அவர்களைக் கூட்டிவந்தார்கள். மொழி தெரிந்த மனிதர் பக்கத்தில் இருந்தால் ஒரு குடும்பம் எவ்வளவு சீக்கிரம் நிமிரும் என்பதை நாங்கள் பார்த்தவர்கள்.

வீட்டுப் பிரச்சினை தனி. தனி ஆளுக்கு ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற மாகாண சமூக உதவித் திட்டம் கொடுப்பது மாதம் 733 டொலர். ஸ்காபரோவில் பேஸ்மென்ற் அறை எடுத்துச் சாப்பிடவும் அது காணாது. அது மாகாணத்தின் பொறுப்பு, அங்கேயும் கேட்போம். வேலைக் கடிதம், கிரெடிட் அறிக்கை இல்லையென்று இவர்களைத் திருப்பியனுப்பும் வீட்டுக்காரர்களில் தமிழரும் உண்டு. அவர்களோடு பேசுவது எங்கள் வேலை, அதை நாங்கள் ஏற்கிறோம்.

தங்களிடம் கேட்பவை: அகதிக் கோரிக்கை பதிவான நாளிலிருந்தே மத்திய அரசின் குடியேற்றச் சேவைகள் கிடைக்கும்படி விதியை மாற்றுங்கள். ஆபிரிக்கச் சமூக அமைப்புகளுக்கும், மக்களை உள்ளே எடுத்த தேவாலயங்களுக்கும் நகரசபை வழியாகச் சுற்றாமல் நேரடியாக, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு நிதி கொடுங்கள். ஆறு மாதக் காசை நம்பி யாரும் நல்ல பணியாளரை வேலைக்கு வைக்க முடியாது. சுவாகிலி, லுகாண்டா, திக்ரிஞா, அம்ஹாரிக், யொரூபா பேசும் மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம் கொடுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்கும் வழக்கம் நிற்க வேண்டும். அப்புறம், 2027 மார்ச்சுக்குப் பிறகு வீட்டு உதவித் திட்டம் என்ன ஆகும் என்பதை அந்த மார்ச் வருவதற்கு முன்பே பகிரங்கமாகச் சொல்லுங்கள்.

இந்த மனுவின் ஆங்கிலப் பிரதியை இத்துடன் இணைத்துள்ளோம். ஆபிரிக்கச் சமூகப் பணியாளர்களோடு சேர்ந்து தங்களை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும், எழுத்தில் பதில் தருமாறும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
கீழே கையொப்பமிட்டுள்ள ஸ்காபரோ, மார்க்கம் வாழ் தமிழர்கள்