இருபது டொலருக்குப் புல்லு வெட்டப்போற தம்பிக்கு

அன்புத் தம்பி,

நேற்று மாமி உன்ர விளம்பர ஃப்ளையரை வாட்ஸப்பில அனுப்பினவ. "எந்த வீடெண்டாலும் 20 டொலர்" எண்டு போட்டிருக்கிறாய். நீ சொந்தமாத் தொழில் தொடங்கிறது எனக்குப் பெரிய சந்தோசம், ஆனா அந்த 20ஐப் பாத்தாப்பிறகு நித்திரை வரேல்ல, ஏனெண்டா நானும் ரொறன்ரோவில ஸ்காபரோப் பக்கம் முதல் வருசம் 25 டொலருக்கு முப்பது வீடு பிடிச்சு, மே மாசத்தில இருந்து ஒக்டோபர் மட்டும் முதுகு முறிய வெட்டி, கடைசியில வேனுக்கு வின்டர் டயர் வாங்கக் காசில்லாமல் நிண்டனான்.

நீ போட்ட கணக்கு எனக்கு விளங்குது. ஒரு வீட்டுக்கு 25 நிமிசம், மணிக்கு ரெண்டு வீடு, 40 டொலர். அந்த 25 நிமிசம் மெஷின் ஓடுற நேரம் மட்டும்தான்டா. மெஷினை இறக்கி, வேலிக்கரையும் மரத்தடியும் ட்ரிம்மரால வெட்டி, டிரைவ்வேயில கிடக்கிற புல்லை ப்ளோவரால ஊதி, திருப்பி ஏத்திக் கட்டி, சிக்னல் எல்லாம் தாண்டி அடுத்த வீட்டு வாசலுக்குப் போகேக்க கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் போயிடும். நான் ஒரு கிழமை முழுக்கக் கொப்பியில நேரம் குறிச்சுப் பாத்தனான், வீட்டுக்கு 55 நிமிசம் வந்தது. பெற்றோல், ட்ரிம்மர் நூல், ப்ளேட் தீட்டுற காசு, இன்சூரன்ஸ் எல்லாம் அந்த 20க்குள்ளதான் போகோணும். எங்கட ஒண்டாரியோ மாகாணத்தில குறைஞ்ச சம்பளமே 2025 ஒக்டோபரில இருந்து மணிக்கு 17.60. சம்பள வேலையெண்டா சிபிபி எண்ட கனடா ஓய்வூதியக் காசில பாதியை முதலாளி கட்டுவார், சொந்தத் தொழிலில ரெண்டு பாதியும் உன்ர தலையில, சேத்து 11.9 வீதம். பிறகு வருசத்தில 30,000 டொலருக்கு மேல பில் போட்டா எச்எஸ்டி எண்ட விற்பனை வரிக்குப் பதிஞ்சு 13 வீதம் வாங்கிக் கட்டோணும், அதை முதலே கஸ்டமருக்குச் சொல்லிவை.

"எந்த வீடெண்டாலும்" எண்ட சொல்லை முதல் அழி. மார்க்கம் நகரத்தில புதுசாக் கட்டின வீடுகளில முன்பக்கம் பாய் விரிச்ச அளவு புல்லுத்தான், ஸ்காபரோ பழைய ஒருதட்டு பங்களோவில பின்வளவு நீளத்துக்குப் போகும், கோர்னர் லொட், அதுதான் சந்தி மூலை வீடு எண்டா ரோட்டுக்கரைப் புல்லும் ரெண்டு பக்கமும் வீட்டுக்காரர் பொறுப்பு. நேரில பாக்காமல் விலை சொல்லாதை. நான் ஒரு ஜூன் மாசம் ஃபோனிலயே 30 எண்டு சொல்லிப்போட்டுப் போனன், முழங்கால் அளவு புல்லு, முதல்நாள் மழை வேற. மெஷின் ரெண்டடி போறதும் நிக்கிறதும். ஸ்பார்க் பிளக் வயரைக் கழட்டிப்போட்டு மெஷினைச் சரிச்சுப் பாத்தா அடியில ஈரப்புல்லு அரைச்ச சம்பல் மாதிரி இறுகிப்போய்க் கிடக்கு, ஸ்க்ரூட்ரைவரால சுரண்டிச் சுரண்டி எடுத்தனான். மூண்டு மணித்தியாலம், 30 டொலர். ரொறன்ரோவில 20 சென்ரிமீற்றருக்கு மேல புல்லு வளர்ந்தா சிற்றி, அதாவது நகரசபை, நோட்டீஸ் குடுக்கலாம், அதால அவதிப்பட்டுக் கூப்பிடுற ஆக்கள் கனபேர். வெட்டின புல்லையும் சிற்றி எடுக்காது. அப்பிடியான வீட்டுக்கு முதல் வெட்டுக்குத் தனி விலை சொல்லு, ரெண்டு மடங்கு கேட்டாலும் பிழையில்லை.

இன்னொண்டு, வெட்டுக்கு இவ்வளவு எண்டு பேசினா ஜூலை வெயிலில புல்லு காய்ஞ்சு நிக்கேக்க "இந்தக் கிழமை வேண்டாம்" எண்டுவினம், உன்ர இன்சூரன்ஸ் பில் நிக்காது. நான் இப்ப சீசனுக்குத்தான் பேசுறன். சாதாரண வீட்டுக்கு 24 வெட்டு, 40 டொலர்படி 960, ஆறு மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 160. மே மாசத்தில ஒவ்வொரு கிழமையும் போவன், வெயில் காலத்தில விட்டுவிட்டுப் போவன், மாசக்காசு மாறாது. எங்கட சனம் கட்டாயம் பேரம் பேசும், "தெரிஞ்ச பெடியன்தானே" எண்டுவினம். கோவிக்காதை, ஆனா இறங்காதை. தனிய இருக்கிற வயசுபோன அம்மா ஆருக்காவது செய்யோணும் எண்டு மனம் சொன்னா சும்மா வெட்டிக்குடு, நானும் ரெண்டு வீட்டுக்கு அப்பிடித்தான் செய்யிறன். அரை விலை எண்டு சொன்னியெண்டா அடுத்த நாள் அந்த ரோட்டு முழுக்க உனக்கு அதுதான் விலை.

ஃப்ளையரைப் பிரின்ட்டுக்குக் குடுக்க முதல் சனிக்கிழமை வீட்டை வா. என்ர பழைய கொப்பி இருக்கு, உன்ர பக்கத்து ரோட்டுகளில நாலஞ்சு வீட்டை ரெண்டுபேரும் நடந்துபோய்ப் பாத்து விலை போடுவம்.

அன்புடன்,
அண்ணா